ஆறு விரல் மார்க்

எல்லாரும் சௌக்கியமா? இது 1931-ல் ஆம்பூரில் நடந்தது.

இருதயராஜின் தோல் ஷாப்பில் பதனிட்ட சரக்கு ஆறு விரல் கை மார்க்கில்தான் கப்பலேறும்.

"ஜெர்மனில, ஹாம்பர்க்ல எவனோ நம்ம மார்க்ல தோல் விக்கிறான், மொதலாளி," என்றார் குமாஸ்தா கோதண்டராமன். "நம்ம புதுச்சேரி கிளை பேர்ல பிரெஞ்சு சர்க்காருக்கு ஒரே மனு போட்டா போதும். அவங்க ஒப்பந்தத்துல சேந்த பல தேசத்துலயும் மார்க் நமக்குத்தான். அவன் வாலாட்ட முடியாது."

"குடுய்யா, கையெழுத்துப் போடறேன். அந்தத் திருட்டுத் தோலக் காட்டு."

கோதண்டராமன் விரித்துக் காட்டிச் சிரித்தார். "காப்பியடிக்கவும் தெரில. கை பெரிசாப் போச்சு."

இருதயராஜ் சிரிக்கவில்லை. ஐந்து வயதில் காலராவில் இறந்த மகளின் ஆறு விரல் கையை, புதைக்கும்முன் மசியில் தோய்த்து எடுத்த அச்சுதான் அவருடைய மார்க். பன்னிரண்டு வருஷமாகிறது. இந்தத் தோலில் அதே ரேகை, அதே தழும்பு. அளவு மட்டும் பதினேழு வயதுப் பெண்ணின் கை.

"மனுவக் கிழிச்சுடுய்யா," என்றார். "யாரும் தடுக்கக் கூடாது. எம் பொண்ணு வளர்றா."

உங்கள் வீட்டில் போனவர்களும் இப்படித் தகவல் அனுப்பியிருந்தால், எனக்கு எழுதுங்கள்.