கன்னச் சதை

அப்பா இன்றைக்கும் அகவாக்கைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உறைந்த ஏரியில் மூன்று நாளாகத் துளை போட்டு, வலை இறக்கி, வலை இழுத்து, விரலெல்லாம் மரத்துப்போய் நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் வந்திருந்தான் அகவாக். கிடைத்தது இரண்டே மீன். மீசையில் ஒட்டிய பனிகூட இன்னும் உருகவில்லை.

"பாத்தியா உலாயுக்? என் மூஞ்சியே அவருக்கு ஆகலை."

"நீ வேற ஏண்ணே! நேத்தெல்லாம் என்னையும் தூங்க விடலை மனுஷன். பல்லு வலி போல, ஒரே அழுகை. இருக்கறதே நாலு பல்லு, அதுக்கு இந்தப் பாடு." கொட்டாவி விட்டபடியே அப்பாவின் இரண்டு பக்கமும் தலையணையை முட்டுக்கொடுத்தாள் தங்கை.

அகவாக் அடுப்போரம் பனிமான் தோல் விரிப்பில் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். உடம்பு அசதியைத் தாங்கிக்கொள்ளலாம். இந்த முகத் திருப்பலைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

சண்டை வலையைப் பற்றித்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், "ஆறு வந்து சேர்ற ஏரி வாய்ப் பக்கம் வலை போடப் போகாதே, அங்கே பனி மெலிசு" என்றார் அப்பா. "வயசாச்சுல்ல, வாயை மூடிக்கிட்டுக் கிட" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டான் இவன். மறுநாளே அவர் சொன்ன இடத்தில் இவனுடைய பனிவண்டி மூழ்கியது. அந்த வாரமே நெஞ்சுவலி என்று அவரைத் தெற்கே ஆஸ்பத்திரிக்கு விமானம் ஏற்றினார்கள். ஏறும்போதுகூட இவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து பதினாலு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வலையில் விழும் முதல் மீன் அவருக்குத்தான். கொண்டுவந்து வைப்பான், இவனைக் கண்டதும் அழுவார், இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "பழைய கோவம்டா, லேசுல போகாது" என்று ஊரே கேலி பேசியது. இவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்தா, மொத மீனு. கன்னச் சதைன்னா அவருக்கு உசுராச்சே." பெரிய மீனின் கன்னத்தைக் கத்தியால் நெம்பி எடுத்து நீட்டினான். உலாயுக் அதை மென்று குழைத்து அப்பாவின் வாயில் வைத்தாள்.

அப்பா சப்புக்கொட்டினார். மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

அவ்வளவுதான், அகவாக்கால் அடக்க முடியவில்லை. முழங்காலிலேயே நகர்ந்து பக்கத்தில் போனான். "தப்புதாம்ப்பா. நீங்க சொன்னதுதான் சரி. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. திட்டவாவது திட்டுங்கப்பா."

"பாருங்கப்பா, யாரு வந்திருக்கா? உங்க மகன். தினம் சொல்றேன்ல, மகன்!" என்றாள் உலாயுக்.

அப்பா அவன் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி அதைப் பிடித்து இழுத்தார். பிறகு, கடைவாயில் எச்சில் ஒழுக, தெளிவாகச் சொன்னார்: "மகனே."

அகவாக் அந்தக் கையைத் தன் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதான். மூன்று வருஷத்து அழுகை அது.

உலாயுக் இடுப்பில் கை வைத்தபடி அப்பாவை முறைத்தாள்.

"பத்து மாசம் சுமந்து பெத்து, செத்துப்போன அப்பா திரும்பி வரட்டும்னு அவர் பேரையும் உங்களுக்கு வெச்சவ நான்! பொறந்து மொத மொதலாப் பேசற பேச்சு அண்ணனுக்காப்பா?"