தெள்ளுப்பூச்சிக்குப் புகை

“கதவைத் தொறம்மா. தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போட வந்துகீறேன்.”

வடிவு கதவை ஒருக்களித்துத் திறந்து, வந்தவனை மேலும் கீழும் பார்த்தாள். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் சாக்குப்பை, கையில் ஓர் இரும்புச் சட்டி. நூம்பல் ஊரில் இதுவரை பார்த்திராத முகம்.

“யாரு அனுப்பிச்சாங்க?”

“சர்க்கார்ல. பூந்தமல்லிலேர்ந்து வரேன். பேரு கன்னியப்பன். இந்தா சீட்டு.”

சீட்டில் கிரீடம் போட்ட முத்திரை இருந்தது. எழுத்துதான் வடிவுக்குப் படிக்கத் தெரியாது. போன மாதம் பக்கத்து ஊரான பாடியில் இப்படித்தான் ஒருவன் அம்மை குத்துகிறவன் என்று சொல்லிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்து, குண்டான் முதல் கொலுசு வரை வழித்துக்கொண்டு போய்விட்டான்.

பூச்சி இருந்தது நிஜம். மழை தொடங்கியதிலிருந்து செவலை நாய் வீட்டுக்குள்ளேதான் படுக்கிறது. அதன் மேலிருந்து இறங்கியவை பாய், தலையணை, சாணித்தரை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே வடிவுக்குத் தோலெல்லாம் தடிப்பு.

“பக்கத்துல அன்னம்மாக்கா ஊட்லயும்தான் கடிக்குது. அங்க போவலியா அண்ணாத்தே?”

“மொதல்ல உன் ஊடுதான்.”

அந்தப் பதில் அவளுக்கு உறுத்தியது.

உள்ளே வந்தவன் பூச்சியைத் தேடியதாகவே தெரியவில்லை. அவன் கண் அடுக்குப்பானைக்குப் போயிற்று, மரப்பெட்டிக்குப் போயிற்று, பரணில் போய் நின்றது. வடிவு அவனை விட்டு ஓரடி நகரவில்லை.

“மேல இன்னா கீது?”

“ஓட்டைப் பானைங்க.”

“ஆம்பள யாருமில்லியா?”

“பம்பாய்க்கு வேலைக்குப் போய்கீறாரு. ரெண்டு மாசமாச்சு.”

கன்னியப்பன் சட்டியை நடுவீட்டில் வைத்து, பையிலிருந்த மஞ்சள் தூளைக் கொட்டினான்.

“கந்தகம். எல்லாத்தையும் சாத்திட்டு, நாயை இட்டுக்கினு மூணு மணி நேரம் வெளிய குந்து. இந்தப் பொகையில ஒரு உசுரு தங்காது.”

“பொகை வேணாம்.”

“ஆர்டரும்மா.”

“ஊட்டை உங்கிட்ட உட்டுட்டு நான் எப்டி வெளிய குந்துவேன்? நீ யாருன்னு எனுக்கு இன்னா தெரியும்?”

அவன் கோபப்படவில்லை. தீக்குச்சியைக் கிழித்து வைத்தான். கந்தகம் நீலமாகப் பற்றிக்கொண்டது. நெடி எழுந்ததும் செவலை பரணை அண்ணாந்து பார்த்து முனகியது. அதன் வால் ஆடியது.

கன்னியப்பன் நாயைப் பார்த்தான். வடிவின் முகத்தைப் பார்த்தான். பிறகு குடத்திலிருந்த தண்ணீரை எடுத்துச் சட்டியில் ஊற்றி அணைத்தான்.

“சரி, பொகை வேணாம். சுண்ணாம்புத் தூள்ல உப்பு கலந்து தரையெல்லாம் தூவி, மறுநாள் பெருக்கு. பாயை வெயில்ல போடு. நாயை வேப்பிலைத் தண்ணியில குளுப்பாட்டு. பத்து நாள் உடாம செய்யணும், முட்டை பொரிஞ்சிகினே இருக்கும்.”

சட்டியையும் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். வீட்டில் ஒரு பொருளைக்கூட அவன் தொடவில்லை. வடிவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“தப்பா நெனச்சிட்டேன் அண்ணாத்தே. ஒரு வாய் மோரு குடிச்சிட்டுப் போ.”

அவன் வாசற்படியில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

“மோரு கெடக்கட்டும் தங்கச்சி. ஊட்ல ஆளே இல்லன்னு நான் சொல்லிடறேன். ஆனா நம்பமாட்டாங்க. தந்திக்கம்பி அறுத்துட்டு வந்து பரண்ல படுத்துகீற உம் புருசனை, பொழுது சாயறதுக்குள்ள வேற எங்கியாவது அனுப்பிடு. உன் ஊட்டுக்கு மட்டும் பொகை போடுன்னு என்னை அனுப்பிச்சதே போலீசுதான்.”