வெள்ளம் வந்தால் வரும் அம்மா

கடலூருக்குள் வெள்ளம் புகுந்தால், ரெஜினா வேலை பார்க்கும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சைரன் அலறாது. ஒவ்வொரு பிள்ளையின் காதில் மாட்டிய கருவியும் அதனதன் அம்மாவின் குரலைத் தானே உருவாக்கிப் பேசும்: "பயப்படாதடா செல்லம், அம்மா இருக்கேன்ல? மெதுவா மாடிக்கு ஏறு."

அன்றைய வெள்ள ஒத்திகை முடிந்தும் நாலு வயது யாழிசை கருவியைக் கழற்றவில்லை.

ஷிப்ட் முடிந்து அழைத்துப்போக வந்த அவள் அம்மா பவானி எரிந்து விழுந்தாள். "செருப்பை எங்கடி தொலைச்ச, சனியனே?"

யாழிசை ரெஜினாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தாள். "ஆயாம்மா, நாளைக்கு வெள்ளம் வருமா?"

"வராதுடா கண்ணு."

பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது.

ரெஜினாவுக்கு மனசு கேட்கவில்லை. கருவியைக் கழற்றிப் பவானியின் காதில் வைத்து, ஒத்திகையை மறுபடி ஓடவிட்டாள்.

கேட்கக் கேட்கப் பவானியின் முகம் இளகியது.

"யாருக்கா இந்தப் பொண்ணு? என்ன பொறுமையாப் பேசுது!"