மெசினடியில் நிற்கிறவர்

கணவர் யோகலிங்கம் கோயிலுக்குப் புறப்பட்டதுதான் தாமதம், கமலாம்பிகை பையைத் தூக்கிக்கொண்டு டூட்டிங் சமூக மண்டபத்துக்கு ஓடினாள். சனிக்கிழமைகளில் அங்கே வேண்டாத மருந்துகளையும் பழைய கடதாசிகளையும் வாங்கி அழிப்பார்கள். பையின் மேலே காலாவதியான மாத்திரைகள். அடியில் அவர் முப்பது வருடமாகச் சேர்த்த கடதாசிகள். அவை ஒழிந்தால் சின்ன அறைக்குள் அவளுடைய தையல் மெசின் ஏறிவிடும்!

வாசல் மேசையில் மாத்திரைகளை வாங்கிய தொண்டர் ஜதுர்ஷிகா சிரித்தாள். "கடதாசி அரைக்கிறது அங்கிளுக்குத் தெரியுமோ, அன்ரி?"

"தெரிஞ்சால் விடுவாரோ? பழைய காஸ் பில்லைக்கூட எறிய விடாத மனுசன்!"

"அப்ப கெதியா கடதாசி அரைக்கிற மெசினடிக்குப் போங்கோ. அங்க நிக்கிறவர் நாலு சனிக்கிழமையா வாறார். ஒரு துண்டும் மிச்சம் விடமாட்டார்."

முகக்கவசம் போட்ட ஒருவர் யாருடையதோ வங்கிக் கடிதங்களை உற்சாகமாக மெசினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். கமலாம்பிகை பையை நீட்டினாள். அவர் திரும்பினார்.

யோகலிங்கம்!

"கோயிலுக்கெண்டு சொல்லிப்போட்டு இஞ்ச என்னப்பா செய்யிறியள்?"

"என்ரை கடதாசியளை எறிய மனம் வரேல்லை, கமலா. அதுதான் மற்ற ஆக்களின்ரையை அரைச்சுப் பழகிறன்."

பைக்குள் எட்டிப் பார்த்தவர், ஒரு காஸ் பில்லை மெதுவாக வெளியே எடுத்தார்.

"இதைத் தனியா மெசினுக்குள்ள விட ஏலாது. மற்றப் பக்கத்தை நீ பிடி."