இரண்டாவது போல்ட்

"ஜூலை பதினாறாம் தேதி நீ பிரேக் பார்த்துக் குடுத்த வண்டி, பதினேழாம் தேதி பிரேக் பிடிக்கலலே இத்ரீஸ்! காலை வைக்கேன், காலுக்கு ஒண்ணுமே தட்டுப்படல. ஒரு பொம்பளை அடிபட்டுக் கெடக்கா!"

கைப்பேசியில் வழக்கறிஞர் குமரகுருவின் குரலைக் கேட்டதும், தென்காசியில் கார் பட்டறை நடத்திவரும் இத்ரீஸ் பக்கத்தில் கிடந்த டயரின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணாச்சி... எங்கன வச்சு?"

"மேலகரம் வளைவுல. குற்றாலத்துல இருந்து திரும்பி வாரோம். பழவண்டி தங்கத்தாய் இருக்காள்லா, அவ மேல மோதிட்டு. கால் முறிஞ்சுபோச்சு. ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருக்கு. காலை எடுக்கணும்னு டாக்டர் சொன்னார்னா, நீதாம்லே பதில் சொல்லணும்."

"நேத்து நல்லாப் பார்த்துத்தானே அண்ணாச்சி..."

"நீ பார்த்த லட்சணந்தான் ரோட்டுல கெடக்கே! சின்ன வண்டி, சிவப்பு வண்டி, பின்னால எறக்கை வச்ச வண்டின்னு ஆசைப்பட்டு வாங்கினேன். நீ அதை எமன் ஏறி வார எருமைக்கடா ஆக்கிட்டியே! பிரேக் வேலையில தப்புப் பண்ணிட்டேன்னு வாட்ஸாப்புல ஒரு வரி எழுதி அனுப்பு. மத்ததை நான் பார்த்துக்கிடுதேன். இல்லன்னா ஸ்டேஷன்ல வந்து பேசிக்கோ."

பேச்சு அறுந்தது.

அதே கொட்டகையில் டிங்கர் வேலை பார்க்கும் அப்துல் மஜீது, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"ஏலே, ஒரு எழுத்துக்கூட அனுப்பாத. வக்கீல் கையில எழுதிக் குடுத்துட்டு எவன் பொழைச்சிருக்கான்?"

"ரெண்டாவது போல்ட்டுக்கு ஸ்பானர் போட்டேனான்னு தெரியலண்ணே."

"போட்டிருப்ப. பத்து வருசமாப் போட்டுக்கிட்டுத்தான இருக்க?"

"போட்டிருப்பேன்னு தோணுது. போட்டேன்னு தோணல."

இடது முன்சக்கரத்தின் பிரேக்கைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகள் இரண்டு. முதலாவதை இறுக்கியது இத்ரீஸுக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டாவதைக் கையால் முடுக்கிக்கொண்டிருந்தபோது, சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் அவன் அண்ணன் அழைத்தான். பேசி முடித்தபின் சக்கரத்தை மாட்டியது நினைவிருந்தது. இடையில் என்ன செய்தோம் என்பது மட்டும் நினைவில் இல்லை. ஓட்டிப் பார்த்தபோது வண்டி சரியாகத்தான் நின்றது. ஆனால், கையால் முடுக்கிய போல்ட்டும் குற்றாலம் போய்ச் சேரும்வரை தாங்கும். திரும்பும்போதுதான் கழன்று விழும்.

"பொய் சொல்லித் தப்பிச்சுட்டா, நாளைக்கு அந்த அக்கா கட்டையை ஊனிக்கிட்டு இந்த வழியாப் போவாளேண்ணே. நான் எப்படி அவ மொகத்துல முழிப்பேன்?"

மஜீது சுத்தியலை எடுத்துக்கொண்டு தம் வேலைக்குத் திரும்பினார்.

'போல்ட்டை இறுக்காமல் விட்டது நான்தான். தவறு என்னுடையது' என்று தட்டெழுதும்போது இத்ரீஸின் விரல் மும்முறை வழுக்கிற்று. அனுப்பினான். மறுகணமே, படித்தாயிற்று என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் தோன்றின. பட்டறையும் போயிற்று, பெயரும் போயிற்று என்று எண்ணிக்கொண்டு மோட்டார் சைக்கிளை மிதித்தான்.

சாரல் கண்ணில் அடித்தது. மேலகரத்தை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, தார்ச்சாலையின் ஓரத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே போனான். கழன்று விழுந்த போல்ட் எங்கேனும் கிடக்கும். அதைக் காணவும் அஞ்சினான். காணாமல் போகவும் அஞ்சினான். இரண்டு இடங்களில் இறங்கிக் குனிந்தான். ஒன்று சோடா மூடி, மற்றொன்று கூழாங்கல்.

வளைவில் கூட்டம் நின்றிருந்தது. தள்ளுவண்டிக்குள் முகத்தைப் புதைத்தபடி நின்றது அந்தச் சிவப்புக் கார். ரம்புட்டான் பழங்கள் சாலையெங்கும் சிதறிக் கிடந்தன.

"வந்துட்டாம்லே மெக்கானிக்கு!" என்றது ஒரு குரல். "நல்லா ரெண்டு போடுங்கலே அவனை!" என்றது மற்றொன்று.

இத்ரீஸ் ஒருவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஈரச்சாலையில் மல்லாந்து படுத்து, இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டான். முதல் போல்ட் இருந்தது. விரல் மேலே நகர்ந்தது. இரண்டாவது போல்ட்டும் இருந்தது. அதைத் திருகிப் பார்த்தான். அசையவில்லை. ஸ்பானர் போட்டு இறுக்கிய இறுக்கம் அது!

துள்ளி எழுந்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பிரேக்கை மிதித்தான். பெடல் கல்லைப் போல உறுதியாக எதிர்த்து நின்றது. அடுத்த நொடி, அவனுடைய செருப்புக்கால்தான் பெடலிலிருந்து வழுக்கிப் பக்கவாட்டில் போய் விழுந்தது.

இத்ரீஸ் தலையை நிமிர்த்தி, வழக்கறிஞரை அப்போதுதான் பார்த்தான். இடுப்பில் ஈரிழைத் துண்டோடு, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் மினுமினுக்க நின்றிருந்தார் குமரகுரு.

"எண்ணெய் தேய்ச்சு முடிக்கவும், அருவியில வெள்ளம் வந்துட்டுன்னு போலீஸ் விசிலடிச்சு எல்லாரையும் விரட்டிட்டாங்க தம்பி" என்றாள், காருக்குள் நடுங்கிக்கொண்டிருந்த அவர் மனைவி யோகலட்சுமி. "வீட்டுல போய்க் குளிச்சுக்கிடலாம்னு, அப்படியே வெறுங்காலோட வண்டியை எடுத்துட்டாவ."

குற்றாலத்துக்கு வரும் வாசகரே, தேய்த்த எண்ணெய் போகக் குளிக்காமல் வண்டியைத் தொடாதீர். தொட்டுத் தொலைத்தீராயின், மெக்கானிக்கை அழைத்து மிரட்டுமுன் உம்முடைய உள்ளங்காலைத் தடவிப் பாரும்!