நாத்தனார் கொண்டுவந்த திரை

ஜூன் பதினொன்று, வியாழக்கிழமை. விடிந்தது முதல் தூறல், காற்று இல்லை.

"அண்ணி, இது உள்ள போகவே மாட்டேங்குது. வேற ஓட்டை ஏதாவது இருக்கா?"

மேசைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட ஒரு முழ இடைவெளியிலிருந்து நாத்தனாரின் குரல் மட்டும் வந்தது. ஆளைத் திரைகள் மறைத்திருந்தன. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். ஊரில் பாதிப் பேரை அதட்டியே ஓட்டுநர்களாக்கியவள். வயது நாற்பதைத் தொட்டும் வீட்டாருக்கு அவள் குட்டிதான்.

"திருப்பிப் போடு குட்டி. அகலமான பக்கம் உன்னைப் பாத்து இருக்கணும்" என்றாள் அண்ணி.

படக்கென்று ஓர் ஒலி. முதல் திரை ஒளிர்ந்தது. அப்போது மணி பத்து இருபது.

பதினொரு மணிக்கு அண்ணிக்கு நேர்முகத் தேர்வு. இயந்திரம் பழுதானால் திகைத்து நிற்கும் வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தபடியே வழி சொல்லும் வேலை. பிள்ளைகளுக்காக எட்டு ஆண்டுகள் பணியை விட்டிருந்த அவளுக்கு, பதினேழு விண்ணப்பங்களுக்குப் பின் வந்த ஒரே அழைப்பு அது. மடிக்கணினியுடன் இரண்டு 4கே திரைகளை இணைத்து வைத்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை: ஒன்றில் வாடிக்கையாளர், மற்றொன்றில் இயந்திரத்தின் வரைபடம். அவளிடம் இருந்ததோ ஒரு திரை. இரண்டாவதை நாத்தனார் தன் வீட்டில் வீடியோ கேம் ஆடும் விளையாட்டுப் பெட்டியிலிருந்து பிடுங்கி, காரின் பின்னிருக்கையில் சீட் பெல்ட் போட்டு அழைத்து வந்திருந்தாள். அண்ணியின் வலக்கை மாவுக்கட்டில் இருந்தமையால், தன் இரு கைகளையும் அவளே இரவல் தந்தாள்.

கைகள் வந்தன, காதுகள் வரவில்லை. இழுப்பறையில் உள்ள தடித்த கேபிளை எடுக்கச் சொன்னால், தன் போன் சார்ஜர் கேபிளைச் செருகிவிட்டு, இரண்டுக்கும் ஒரே மூஞ்சிதானே என்று வாதிட்டாள். அது மின்சாரத்தை மட்டுமே சுமக்கும், படத்தைச் சுமக்காது என்று அண்ணி பொறுமையாக விளக்கினாள். பாடம் எடுக்கிறவளுக்கே பாடமா என்று முணுமுணுத்து, மூன்றாம் முறை சொன்ன பிறகே நாத்தனார் கேபிளை மாற்றினாள். மடிக்கணினி ஒரு மணியொலி எழுப்பி, புதிய திரை வந்துவிட்டதை ஒப்புக்கொண்டது. திரை மட்டும் கரியாக நின்றது.

மணி பத்து ஐம்பத்தைந்து. நேர்முகத்துக்கு அனுப்பியிருந்த இணைப்பை அண்ணி இடக்கையால் சொடுக்கினாள். ஏதோ மின்னி மறைந்தது, எதுவும் திறக்கவில்லை. மறுபடியும் சொடுக்கினாள். பயனில்லை.

பதினொன்றாயிற்று. நிறுவனம் தந்திருந்த எண்ணை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

"நம்மளை மட்டும் நேரத்துக்கு வரச் சொல்றாங்க. போனை எடுக்க அவங்களுக்குக் கை இல்லையா?" என்று நாத்தனார் பொரிந்து தள்ளினாள். அத்துடன் நில்லாமல், ஒரு திரையில் பார்த்தால் புரியாத படம் இரண்டு திரையில் பார்த்தால் மட்டும் புரிந்துவிடுமா என்றும், இப்படி ஒரு நிபந்தனையை எழுதிய அதிகாரியைத் தன்னிடம் ஒரே ஒரு நாள் கார் பழக அனுப்பினால் போதும் என்றும் தீர்ப்பளித்தாள்.

பதினொன்று பத்துக்குத் திரைகளின் பின்னால் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"எல்லாம் என்னாலதான் அண்ணி. சொன்னதை அப்பவே கேட்டிருந்தா இந்நேரம் நீங்க அவங்ககிட்ட பேசிட்டிருப்பீங்க."

வேலை கைநழுவிப் போயிற்று என்பது அண்ணிக்கும் தெரிந்தே இருந்தது. ஆயினும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போனா போகட்டும், விடு. சுவத்து இடுக்குல மாட்டிக்கிட்டு அழுதா, உன்னை வெளிய எடுக்க நான் தீயணைப்பு வண்டியைத்தான் கூப்பிடணும். இந்தத் திரையை எரிய வச்சுட்டுத்தான் ரெண்டு பேரும் எழுந்திருக்கிறோம். முதல் நாள் வர்றவங்களுக்கு நீ கியரை எப்படிச் சொல்லித் தருவே?"

"கீழ குனிஞ்சு பாக்காதே, கையால தடவிப் பழகுன்னு சொல்வேன்."

"அதையே இப்ப நீ செய். திரைக்குப் பின்னாடி, கீழ் ஓரத்துல வரிசையா பட்டன் இருக்கும். எத்தனை?"

"நாலு... இல்ல, அஞ்சு. ஒண்ணு உருண்டையா இருக்கு."

"அந்த உருண்டையை ஒரே ஒரு தடவை அமுக்கு."

கரிய திரையின் மூலையில் சிறு பட்டியல் ஒன்று தோன்றியது. அதைக் கண்டதும் அண்ணிக்குக் காரணம் விளங்கிவிட்டது. விளையாட்டுப் பெட்டி செருகியிருந்த பழைய துளையையே திரை இன்னமும் விசுவாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த துளையில் வந்து காத்திருந்த மடிக்கணினியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த உருண்டையைக் கீழ்ப்பக்கமா ரெண்டு தட்டு தட்டு. போதும், போதும். இப்ப அமுக்கு குட்டி."

திரை வெளுத்தது. அடுத்த நொடி, இமைமுடியைக்கூட எண்ணிவிடலாம் போன்ற துல்லியத்துடன் அதில் மூன்று முகங்கள் தோன்றின. மூவரும் சிரித்துச் சிரித்துக் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தனர். திறக்கவே இல்லை என்று அவள் நினைத்திருந்த நேர்முகம், பத்து ஐம்பத்தைந்து முதல் அந்த இருண்ட திரையில்தான் நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய குரலையும் அதுவே விழுங்கியிருந்தது.

"நாங்க கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலை, நீங்க பேசினது எங்களுக்கு முழுசா கேட்டுச்சு. தேர்வு முடிஞ்சுதும்மா, திங்கட்கிழமை சேந்துடுங்க" என்றார் நடுவில் இருந்த அம்மையார். "அப்படியே பின்னாடி இருக்கிறவங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க. புதுசா சேர்றவங்களுக்குப் பயிற்சி கொடுக்க, சொன்ன பேச்சைக் கேக்காத வாடிக்கையாளர் ஒருத்தரை நாங்க ரொம்ப நாளா தேடிட்டு இருக்கோம்" என்று அவர் முடித்தபோது, மணி சரியாகப் பதினொன்று இருபத்திரண்டு.