ஈரப் பொட்டலம்

"கறுப்புக் கோடு விழுந்திருக்கு இல்ல? அப்புறம் என்ன, குடுங்க."

எலும்பு டாக்டர் ஜன்னலுக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஆபரேஷன் கருவிகளை நீராவியில் அவித்து, கிருமி நீக்கிக் கொடுக்கிற அறையின் ஜன்னல் அது. டாக்டர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, நர்ஸைத்தான் அனுப்புவார்கள். அவரே தியேட்டரிலிருந்து இறங்கி வந்துவிட்டார் என்றால் கோபம் எந்த மட்டத்தில் இருந்திருக்கும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருந்த கோடு அக்கா, பச்சைத் துணி சுற்றிய பொட்டலத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். பொட்டலத்தின் மேல் ஒரு பட்டை ஒட்டியிருப்பார்கள். நீராவிச் சூடு பட்டால் அதில் கறுப்புக் கோடு விழும். கோட்டைப் பார்க்காமல் ஒரு ஊசியைக்கூட வெளியே விடமாட்டாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"கோடு விழுந்திருக்கு டாக்டர். ஆனா துணி ஈரமா இருக்கு."

"ஈரம்னா காயும்."

"காயுறதுக்குள்ள எத்தனை கை படும்? கையில இருக்கிற கிருமி ஈரத்தோட ஊறி உள்ள இறங்கிடும். சூடு பட்டுச்சுன்னு மட்டும்தான் டாக்டர் கோடு சொல்லும்."

"எனக்கே பாடம் எடுக்கறீங்களா? எப்படியும் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுட்டுத்தான் நான் கத்தியே வைக்கப் போறேன்."

"ஊசி இருக்குங்கிற தைரியத்துல நாமளே கிருமியை உள்ள அனுப்பலாமா டாக்டர்? எந்த மருந்துக்கும் மசியாத கிருமி ஒண்ணு நோயாளியோட முழங்காலுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாததா?"

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. பின்னால் நின்ற தியேட்டர் சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"சரி, எப்படி ஈரமாச்சு? மெஷின் கோளாறா?"

கேள்வியிலேயே தப்பிக்க வழி இருந்தது. அந்த மெஷினுக்கு வயது ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை மக்கர் பண்ணும். "ஆமாம்" என்று தலையாட்டியிருந்தால் அத்தோடு போயிருக்கும்.

"இல்ல டாக்டர். இன்னிக்கு ரெண்டு ஆபரேஷன் அதிகம். ஒரே தடவையில முடிச்சிடலாம்னு நான்தான் பொட்டலங்களை நெருக்கி அடுக்கிட்டேன். நீராவி வெளியேற வழியில்லாம ஈரம் தங்கிடுச்சு. தப்பு என்னோடதுதான்."

"பிரமாதம். தப்பும் நீங்களே, தீர்ப்பும் நீங்களே. இப்போ எவ்வளவு நேரம் ஆகும்?"

"துணி மாத்தி மறுபடி வைக்கணும். ஒண்ணேகால் மணி நேரம். அதுவரைக்கும் மயக்க மருந்து குடுக்க வேண்டாம்னு சொல்லிடுங்க டாக்டர்."

டாக்டர் ஜன்னலோரம் கிடந்த வெள்ளைத்தாளை எடுத்தார், நின்றபடியே விறுவிறுவென்று எழுதினார், மடித்தார், நேரே சூப்பரின்டெண்டென்ட் அறைப் பக்கம் நடந்தார்.

"போச்சு," என்றாள் சிஸ்டர். "உங்களுக்கு ஏன்க்கா இந்த வேலை? மெஷின் மேல பழியைப் போட்டா அது என்ன கோர்ட்டுக்கா போகப் போகுது? அடுத்த மாசம் வேலையை நிரந்தரம் பண்ற லிஸ்ட் வருது. ஒரு புகார் இருந்தாலும் பேரை அடிச்சிடுவாங்க."

அக்காவுக்குத் தெரியாதா என்ன? ஆறு வருஷமாகத் தற்காலிகமாகவே ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த லிஸ்ட்டை நம்பித்தான் மகளைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறாள். ஆனாலும் கை அது பாட்டுக்குத் துணியை மாற்றியது. இந்த முறை பொட்டலங்களுக்கு நடுவே இடம்விட்டு அடுக்கினாள்.

மறுநாள் காலை அழைப்பு வந்துவிட்டது.

சூப்பரின்டெண்டென்ட் மேடம் கண்ணாடியைக் கழற்றாமலே பேசினார்.

"வியாழக்கிழமை லீவு கேட்டிருக்கீங்க. எதுக்கு?"

"நாத்தனார் புது வீடு வாங்கியிருக்காங்க மேடம். போய்ப் பார்த்துட்டு வரலாம்னு."

"லீவு கிடையாது."

"சரிங்க மேடம்."

வீட்டுக்காரர் குதிப்பார். குதிக்கட்டும், இப்போது அதுவா பெரிது?

"எலும்பு டாக்டர் உங்களைப் பத்தி ஒரு லெட்டர் குடுத்திருக்கார். அதை அப்படியே நிரந்தர லிஸ்ட் ஃபைல்ல வெச்சிட்டேன்."

அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மகளிடம் என்ன சொல்வது என்பதுதான் முதலில் தோன்றியது. "தப்பு என்னோடதுதான் மேடம். ஆனா அந்தப் பொட்டலத்தை மட்டும் என்னால குடுத்திருக்க முடியாது."

"அப்படியா? இந்தாங்க, என்ன எழுதியிருக்கார்னு படிங்க. எனக்கும் கேக்கற மாதிரி படிங்க."

மேடம் ஃபைலைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். டாக்டர் எழுத்து, வழக்கம்போலக் கோழிக் கிறுக்கல். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்தாள்.

"இன்று இவர் என்னை ஒன்றேகால் மணி நேரம் காக்க வைக்கிறார். நான் கத்தினேன். அப்படியும் கொடுக்கவில்லை. மெஷினைக் காட்டித் தப்பித்திருக்கலாம், தப்பு தன்னுடையது என்றார். அவர் இடத்தில் நான் இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை."

அவள் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு வரி இருக்கு," என்றார் மேடம். இப்போது கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

"வரும் வியாழக்கிழமை இங்கேதான் என் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். அன்றைக்குத் தயவுசெய்து இவருக்கு லீவு கொடுத்துவிடாதீர்கள்."